உடன்பயின்றோர் தந்த கால்பங்கு: உ.வே.சாமிநாத ஐயர்

ஆசிரியர் உரைப்பதை நன்கு மனங்கொண்டாலும் கால்பங்கு கல்வியே கைவரும். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு சேரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிரம்பும். இவ்வாறு வகுத்தவர் நன்னூல் செய்த சமண முனிவர் பவணந்தியார். உடன்பயில்வோர் தரும் அக்கால்பங்கின் அருமையைத் தமிழ்த் தாத்தா உ.வே.சா.வின் வாழ்வில் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவரும் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவருமான ஐயர், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் ஆழ்ந்த சைவர்; எனினும் அவர்தம் கல்விக்கூடம் எச்சமயத்தார்க்கும் திறந்தே இருந்தது. நாகூர்ப் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலரும் அவர்பால் பயின்றவரே. ஐயரின் உடன்மாணாக்கருள் ஒருவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவர். சாதி வழக்கத்தால் உண்ணும் இடம் வேறாக இருந்த காலம் அது. ஆயினும் பாடம் கேட்கும் இடம் ஒன்றாகவே இருந்தது.

1876 பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில் ஆசிரியரின் இறுதிவேளை நெருங்கியது. சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் தாங்கியிருக்க, ஐயர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓதினார். ஆசிரியர்பால் கொண்ட அன்பின்முன் சமயவேறுபாடு அங்கே தடையாக நிற்கவில்லை.

தமக்கு முன்னே பிள்ளையவர்களிடம் பயின்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால், 1880இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியின்பால் அவர் கருத்தைத் திருப்பினார். அது சமண காப்பியம். தாம் கற்ற சைவநூல்கள் அதன் மரபுகளை விளக்கப் போதா என்பதை ஐயர் உணர்ந்தார். உடனே அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடினார். சிந்தாமணி அவர்கள் நடுவே பக்தியோடு ஓதப்படும் நூலாக வாழ்ந்து வந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோரிடம், தாம் கல்லூரி ஆசிரியர் என்ற எண்ணம் சிறிதுமின்றி, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளை அறிய வைணவரான பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் துணைநின்றார். அந்நூல் 1898இல் வெளிவந்தது. பிற சமயத்தாரிடம் கேட்டறியும் பணிவு இல்லாதிருந்தால், அப்பதிப்புகள் இத்துணைத் தெளிவு பெற்றிரா என்றே நாம் கருதுகிறோம். அப்பணிவிற்கு வித்திட்டதில் பிள்ளையவர்களின் கல்விக்கூடத்திற்குப் பெரும் பங்குண்டு. 1942 ஏப்ரல் 28இல் ஐயர் மறைந்தார்.

இனி நம் வேப்பம்பட்டுப் பகுதியை நோக்குவோம். அண்மையிலுள்ள ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகள் பல மாநிலத்தாரையும் இங்குக் குடியமர்த்தியுள்ளன. பல மொழியினரும் பல சமயத்தினருமான மாணவர் ஒரே மின்தொடர்வண்டியில் வந்து ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆயினும் அருகிலிருப்பவர் ஏன் நோன்பிருக்கிறார், அவர் இல்லத்தில் எப்பண்டிகை, அதன் பொருள் யாது என்று கேளாமலே மூன்றாண்டுகளும் கழிந்துவிடக் கூடும். கேளாத இடத்தில் கற்பனை புகும். கற்பனை ஐயமாக மூண்டு பகையாகவும் முற்றும்.

மாணவச் செல்வங்களே! தேர்வு, ஆசிரியர் தந்த கால்பங்கை மட்டுமே அளக்கும். உடன்பயில்வோர் தரும் கால்பங்கைக் கேட்டுப் பெறுவது உங்கள் கடமை. பெரியோர்களும் இல்லக் கதவுகளைத் திறந்து, மக்களின் தோழர்களை விருந்தினராக ஏற்று அதற்குத் துணைபுரிய வேண்டுகிறோம்.