உலகின் வேகமான சைக்கிள்காரர்: மேஜர் டெய்லர்



சென்ற பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளுக்கு நடந்த சைக்கிள் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். போட்டி தொடங்குமுன் ஒரு பையன் கேரியர் ஆடும் பழைய சைக்கிளோடு வந்து கோட்டில் நின்றான். நம் காவலாளிகளில் ஒருவரின் மகன். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லி ஓரமாக நிற்கவைத்தோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன், வாயைத் திறக்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்தான். அன்று இரவு எனக்கு மேஜர் டெய்லரின் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்பதால் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

மார்ஷல் வால்டர் டெய்லர் 1878 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், எட்டுப் பிள்ளைகள். அப்பா கில்பர்ட் உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். பிறகு சதார்டு என்ற வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்தில் குதிரைவண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையனுக்கும் நம் மார்ஷலுக்கும் ஒரே வயது. விளையாட்டுத் துணையாக மார்ஷலை அவர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நல்ல துணி, பாடம், விளையாட்டுச் சாமான்கள், ஒரு சைக்கிள், எல்லாம் கிடைத்தன. சில ஆண்டுகளில் சதார்டு குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. மகனை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. பையன் தன் வீட்டுக்குத் திரும்பினான். சைக்கிளும் கூடவே வந்தது.

நம் தலைமுறை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்கு பெடல் போட்டு, முழங்காலைத் தேய்த்துக் கற்றுக்கொண்டது. மார்ஷலுக்குச் சொந்த சைக்கிள். தெருவில் வித்தைகளெல்லாம் செய்வான். அதைப் பார்த்த ஒரு சைக்கிள் கடைக்காரர்கள் அவனை வேலைக்கு வைத்தார்கள். கடையைப் பெருக்க வேண்டும், பிறகு ராணுவ உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். அந்த உடுப்பினால் ஒட்டிக்கொண்டதுதான் மேஜர் என்ற பட்டப்பெயர். மற்றபடி அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை.

அந்தக் கடை நடத்திய 10 மைல் சாலைப் பந்தயத்தில் பேருக்கு நிறுத்தப்பட்ட சிறுவன் முதலில் வந்துவிட்டான். தங்கப் பதக்கத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தான்.

வெற்றியோடு கதவடைப்பும் தொடங்கியது. அமெரிக்க சைக்கிள் வீரர்களின் பெரிய சங்கம் 1894இல் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. 1895 ஜூனில் இண்டியானாபோலிஸ் பக்கத்தில் ஒரு 75 மைல் சாலைப் பந்தயம். வழியில் மற்ற வீரர்கள் அவரை மிரட்டினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக விலகிப் போக, எல்லையைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு 16 வயது.

அவருடைய திறமையை நம்பியவர் லூயி மங்கர். முன்னாள் பந்தய வீரர், சைக்கிள் தயாரிப்பாளர், வெள்ளையர். கறுப்புப் பையனைக் கூடவே வைத்திருந்ததற்காக அவருக்கும் பேச்சு விழுந்தது. 1895இல் மங்கர் அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கு அழைத்துப் போனார். அங்கே இனவெறி குறைவு. உடற்பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டு பிறந்த ஊருக்கு வந்து, பந்தயக் கணக்கில் சேராமல், நேரம் மட்டும் பார்த்து ஓட்டிக்காட்டினார். அந்தத் தளத்தில் அதுவரை இருந்த சாதனைகள் முறிந்தன. பாராட்டுக்குப் பதில் கிடைத்தது, இனி இங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்ற தடை.

1896 டிசம்பரில், 18 வயதில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறை வீரராக இறங்கினார். முதல் நாள் அரை மைல் பந்தயத்தில், அன்றைய சாம்பியன் எடி பால்டைத் தோற்கடித்தார். அடுத்து ஆறு நாள் பந்தயம். ஆறு நாளும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தூங்கினால் அந்த நேரம் நஷ்டம். தூக்கமில்லாமல் ஒரு கட்டத்தில் யாரோ கத்தியோடு துரத்துவதாக அவருக்குத் தோன்றியதாம். 1,732 மைல், அதாவது சுமார் 2,790 கிலோமீட்டர் ஓட்டி எட்டாவதாக வந்தார். அதற்குப் பிறகு அந்த வகைப் பந்தயத்துக்கு அவர் போகவில்லை. அவருடைய பலம் குறுகிய தூரம், கடைசி நொடியில் பாய்வது. அப்படி ஓட்டுபவரை ஸ்பிரிண்டர் என்பார்கள்.

ஸ்பிரிண்ட் என்றால் வெறும் கால் பலம் இல்லை. ஆடி மாதத்தில் செங்கம் சாலையில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும், சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி காற்றுதான். முன்னால் வைக்கோல் வண்டி போனால் அதன் மறைவில் பாதி சிரமம் குறையும். (லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளே, நீங்கள் இதைப் படிக்கவில்லை.) பந்தயத்திலும் அதேதான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னால் இருப்பவன் தெம்பைச் சேமிக்கிறான். ஆகவே கடைசிச் சுற்றுவரை ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்து மெதுவாகச் சுற்றுவார்கள். எல்லை நெருங்கும்போது பின்னால் இருப்பவன் பக்கவாட்டில் வெளியே வந்து பாய்வான். அந்த ஒரு கணத்தைக் கணிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெய்லர் அதில் சூரர். ஹேண்டில்பாரை முன்னே நீட்டி, முதுகைத் தட்டையாக வைத்துக் குனிந்து ஓட்டுவார். நீட்டி நகர்த்தக்கூடிய அந்த ஹேண்டில்பார் தாங்கிக்கு இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட பந்தயத்தில் பலர் கூட்டுச் சேர்ந்தால் ஒருவரை எளிதில் முடக்கிவிடலாம். முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் வந்து பெட்டி மாதிரி அடைத்துவிட்டால், பாய்வதற்கு வழியே இல்லை. வெள்ளை வீரர்கள் அவருக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். முழங்கையால் இடிப்பது, சக்கரத்தால் உரசித் தள்ளுவது தனி. ஆகவே அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். யாரும் சூழ்ந்துகொள்ள இடம் தராமல், ஒரு சின்னச் சந்து தெரிந்தால் அதில் நுழைந்து, முன்னால் வந்துவிடுவது. 1897 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் டாண்டன் என்ற ஊரில் ஒரு மைல் பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வீரர் அவரைச் சைக்கிளிலிருந்து இழுத்துப் போட்டு, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். போலீஸ் வந்து பிரித்தது. பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம்.

அதே ஆண்டு தென் மாநிலப் பந்தயங்களில் அவரைச் சேர்க்கவே மறுத்தார்கள். அந்தக் காலத்து தேசிய சாம்பியன் பட்டம் பல ஊர்ப் பந்தயங்களில் சேரும் புள்ளிகளைக் கூட்டிக் கொடுப்பது. பாதி ஊரில் கோட்டில் நிற்கவே விடாவிட்டால் புள்ளி எங்கிருந்து வரும்? எனக்கு இந்த வரலாற்றில் அடிதடியைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. அடித்தவனையாவது ஊர் பார்த்தது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர் மேசைக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்திலும், கிராமங்கள் பலவற்றில் சில தெருக்களில் சிலர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

1899 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உலக சாம்பியன் போட்டி. ஒரு மைல் ஸ்பிரிண்டில் டெய்லர் வென்றார். கறுப்பினத்தவரில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்கு அடுத்து உலக சாம்பியனான விளையாட்டு வீரர் இவர். அதே நவம்பரில் சிகாகோவில் நீராவி இயந்திர வண்டி ஒன்று முன்னே காற்றைத் தடுத்துக்கொண்டு ஓட, ஒரு மைலை 1 நிமிடம் 19 நொடியில் கடந்தார். மணிக்கு 73 கிலோமீட்டர். பிரேக்கும் கியரும் இல்லாத சைக்கிளில்! நம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அந்த வேகத்தில் சுற்றினால் பதினொன்றரை நிமிடம்தான் ஆகும். (பௌர்ணமி அன்று வேண்டாம்.)

ஐரோப்பாவிலிருந்து முன்பே அழைப்பு வந்தது. ஆனால் அங்கே பெரிய பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமையில்தான். அம்மா 1898இல் காலமான பிறகு தீவிர பக்தரான டெய்லர், ஞாயிறு அன்று பந்தயம் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். எவ்வளவு பணம் காட்டியும் மசியவில்லை. கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கி வந்து, மற்ற நாட்களில் பந்தயம் வைத்தார்கள். 1901 மே மாதம் பாரிஸில் பிரெஞ்சு சாம்பியன் எட்மோன் ஜாக்கெலினோடு மோதினார். முதல் மோதல் மே 16, குளிரான நாள், டெய்லர் தோற்றார். ஜெயித்த ஜாக்கெலின் மூக்கில் கட்டைவிரலை வைத்துக் கேலி காட்டினார். மே 27இல் மறுபடி மோதினார்கள். இந்த முறை டெய்லரின் பின்சக்கரத்தைத்தான் ஜாக்கெலினால் பார்க்க முடிந்தது. சொந்த நாட்டில் சாப்பாட்டுக் கடை தேடி அலைந்தவரை பாரிஸில் பத்திரிகைகள் கொண்டாடின. தெருவில் மக்கள் பின்னால் வந்தார்கள்.

1902இல் டெய்சி மோரிஸைத் திருமணம் செய்துகொண்டார். ஆஸ்திரேலியாவுக்கு இருமுறை போய்ப் பெரும் பணம் சம்பாதித்தார். இரண்டாவது பயணத்தில் அமெரிக்க வீரர்களும் அங்கே வந்து பழைய கூட்டணியைத் தொடர்ந்தார்கள். மெல்போர்னில் ஒருவர் மோதியதில் பலத்த காயம். 1904 மே மாதம் சிட்னியில் மகள் பிறந்தாள். ரீட்டா சிட்னி என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியபோது, உலக சாம்பியனுக்கும் மனைவிக்கும் சாப்பாடு தர எந்த ஓட்டலும் முன்வரவில்லை. உடலும் மனமும் தளர்ந்து சில ஆண்டுகள் சைக்கிளைத் தொடாமல் இருந்தார். 1907இல் பிரான்சில் மீண்டும் இறங்கினார், 1908இல் சாதனைகளும் செய்தார். 1909இல் ஞாயிற்றுக்கிழமை விரதத்தையும் விட்டுவிட்டார். 1910இல், 32 வயதில் ஓய்வு.

வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த இதழில் இதை எழுதிய பயனே இல்லை. புகழின் உச்சியில், 1900இல், வூஸ்டரில் கொலம்பஸ் பார்க் என்ற நல்ல பகுதியில் டெய்லர் ஒரு வீடு வாங்கினார். யார் வாங்கியிருப்பது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினார்கள். வாங்கிய விலைக்கு மேல் பணம் போட்டுத் தருகிறோம், விற்றுவிடுங்கள் என்று கேட்டார்கள். இவர் மறுத்துவிட்டு அங்கேயே குடியிருந்தார். அடியில்லை, வசவில்லை, கண்ணியமான பேரம். கேட்டவர்கள் எல்லோரும் நம்மைப் போலத் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்த நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு கதை இறக்கம்தான். மோட்டார் வண்டிகளுக்குப் புதுமாதிரிச் சக்கரம் செய்ய முதலீடு போட்டார், போனது. வேறு தொழில்களும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டையும் விற்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் உட்கார்ந்து தன் வரலாற்றை எழுதி 1928இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். பிறகு சிகாகோ போய், புத்தகத்தை வீடு வீடாக எடுத்துக்கொண்டு விற்றார். மனைவி பிரிந்துவிட்டார். 1932 ஜூன் 21 அன்று சிகாகோவில் பொது மருத்துவமனையின் இலவச வார்டில் காலமானார். வயது 53. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. அடையாளக் கல் இல்லாத குழியில் புதைத்தார்கள்.

1948இல் முன்னாள் பந்தய வீரர்கள் சிலர், சைக்கிள் தயாரிப்பாளர் பிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், அவரைத் தோண்டி எடுத்து அதே மயானத்தில் நல்ல இடத்தில் பெயர் பொறித்த கல்லோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். பந்தயத் தளத்தில் கால் வைக்காதே என்று சொன்ன இண்டியானாபோலிஸில் 1982இல் கட்டிய சைக்கிள் அரங்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. வூஸ்டர் நூலக வாசலில் 2008இல் சிலை வைத்தார்கள்.

வரும் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நம் வளாகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் பொங்கல் போட்டிகளில் கலந்துகொள்ளலாம் என்பது அது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்தப் பையனின் சைக்கிளுக்குப் பின் டயர் மாற்ற வேண்டியிருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.