எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்

எத்தல் கோர்டன் ஃபென்விக் (சனவரி 26, 1857 – மார்ச் 13, 1947) ஸ்காட்லாந்தில் பிறந்த பிரித்தானியச் செவிலியர் ஆவார். திருமதி பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். பிரித்தானியாவில் செவிலியருக்கு அரசுப் பதிவுமுறை ஏற்படப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர். அனைத்துலகச் செவிலியர் மன்றத்தை நிறுவியவரும் அதன் முதல் தலைவரும் இவரே.

இளமையும் பணியும்

எல்ஜின் நகருக்கு அருகே பிறந்த இவரது இயற்பெயர் எத்தல் கோர்டன் மான்சன். 1878 இல் நாட்டிங்காம் சிறுவர் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் மான்செஸ்டரில் பயின்று, இலண்டனில் பணியாற்றினார். 1881 இல், தமது 24 ஆவது அகவையில், இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் எனப்படும் தலைமைச் செவிலியர் ஆனார். அங்கு பயிற்சிக் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தார். 1887 இல் மருத்துவர் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கை மணந்து, பதவியிலிருந்து விலகினார்.

பதிவுக்கான போராட்டம்

அக்காலத்தில் எவரும் தம்மைச் செவிலியர் என்று கூறிக்கொண்டு பணிபுரிய முடிந்தது. பயிற்சியின் அளவும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டது. இதனால் தம்மைக் கவனிப்பவர் பயிற்சி பெற்றவரா என்பதை நோயாளிகள் அறிய வழியில்லை. பல ஆண்டுகள் பயின்ற செவிலியரும் தம் தகுதிக்கேற்ற மதிப்பையோ ஊதியத்தையோ கோர இயலவில்லை. பொதுவான பாடத்திட்டம், தேர்வு, சட்டப்படியான பதிவேடு ஆகியவையே இதற்குத் தீர்வு என ஃபென்விக் கருதினார்.

இந்நோக்கத்துடன் 1887 இல் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். 1893 இல் நர்சிங் ரெக்கார்ட் இதழைக் கைக்கொண்டு, அதன் வழியாகத் தம் கருத்துகளைப் பரப்பினார். இவ்விதழ் 1902 இல் பிரித்தானியச் செவிலியர் இதழ் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இம்முயற்சியைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் எதிர்த்தார். செவிலியரின் பண்பையும் பரிவையும் தேர்வினால் அளக்க முடியாது என்பது அவரது வாதம். மருத்துவமனை நிருவாகிகள் பலரும் எதிர்த்தனர். பதிவுச் சட்ட முன்வரைவுகள் நாடாளுமன்றத்தில் பலமுறை தோல்வியடைந்தன. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், 1919 திசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921 இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதலாம் எண்ணில் ஃபென்விக்கின் பெயர் இடம்பெற்றது.

அனைத்துலகச் செவிலியர் மன்றம்

செவிலியரின் சிக்கல்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை என்பதை உணர்ந்த ஃபென்விக், 1899 இல் இலண்டனில் இம்மன்றத்திற்கு அடிகோலினார். 1904 வரை அதன் தலைவராக இருந்தார். செவிலியர் அமைப்புகளைச் செவிலியரே ஆள வேண்டும் என்பது இவரது கொள்கை. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1912 இல் இதில் இணைந்தது. மன்றத்தின் தலைமையகம் தற்போது ஜெனீவாவில் உள்ளது.

திறனாய்வு

உயர்கல்வி பெற்ற, வசதியான குடும்பப் பெண்களையே ஃபென்விக் முன்னிறுத்தினார் என்றும், எளிய பின்னணியிலிருந்து வந்த செவிலியரின் நிலையைப் போதிய அளவு கருதவில்லை என்றும் குறை கூறப்படுகிறது. 1916 இல் தோன்றிய செவிலியர் கல்லூரி அமைப்புடன் இவர் கொண்ட பிணக்கு, செவிலியரை இரு அணிகளாகப் பிரித்தது. சட்டத்தின்படி உருவான பொதுச் செவிலியர் மன்றத்திற்கு நடந்த முதல் தேர்தலில், பதிவேட்டின் முதல் செவிலியரான இவரே தோல்வியுற்றார்.

எனினும், முறையான பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் கொண்ட தனித் தொழிலாகச் செவிலியம் வளர்ந்ததில் இவரது பங்கு பெரிது.