பெயரிட்டவர்: கார்ல் லின்னேயஸ்

ஒன்றுக்குப் பெயரிடுவது, அதனைப் பிறவற்றினின்று பிரித்துக் காண்பதாகும். பெயரே உறவையும் காட்டுமாயின் அது பெருஞ்செயல். உயிருலகிற்கு அத்தகைய பெயர்முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ்.

1707 மே 23இல் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாய்ப் பிறந்தார். குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தின் பெயரையே தந்தையார் தம் குடும்பப் பெயராக்கிக் கொண்டிருந்தார்.

அந்நாளில் ஒரு செடியின் பெயர் ஒரு வரி வருணனையாக நீண்டிருந்தது. லின்னேயஸ் 1753இல் ஏறத்தாழ 6000 செடியினங்களுக்கு இருசொற் பெயர் சூட்டினார். முதற்சொல் பேரினம், மறுசொல் இனத்தின் அடையாளம். 1758இல் விலங்குகளுக்கும் அவ்வாறே செய்தார். இனம் பேரினத்துள்ளும், பேரினம் வரிசையுள்ளும், வரிசை வகுப்பினுள்ளும் அடங்கின. மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தமைக்காகக் கண்டனங்களை ஏற்றார்.

இனங்கள் படைப்பு நாள்தொட்டு மாறாதவை என்பது அவர்தம் நம்பிக்கை. அதனை அசைத்தது ஒரு பூ. மஞ்சள் நிற லினேரியாப் பூவுக்கு வால்போன்ற நீட்சி ஒன்றே உண்டு. மாணவர் ஒருவர் கண்டெடுத்த செடியிலோ ஐந்து நீட்சிகள் வட்டமாய் அமைந்திருந்தன. 1744இல் அதற்குப் பெலோரியா எனப் பெயரிட்டு வியந்தார். கலப்பினால் புதிய இனங்கள் தோன்றக்கூடும் என்று பின்னாளில் எண்ணத் தலைப்பட்டார். அம்மாற்றம் கலப்பினால் விளைந்ததன்று, ஒரு மரபணு செயலடங்கியதால் விளைந்தது என்பதை 1999இல் ஆய்வாளர் கண்டனர்.

அவரிடம் பயின்ற யோகான் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராய் வந்தார். நம் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் இன்றும் கோனிக் வாழ்கிறார்.

முதுமையில் வாதநோய் லின்னேயசின் நினைவைப் பறித்தது. தம் நூல்களைத் தாமே சுவைத்து மகிழ்ந்தும், அவற்றை எழுதியவர் தாமே என அறியாதிருந்தார் என்பர். 1778 சனவரி 10இல் மறைந்தார்.

வகைக்குள் வகை ஏன் அடங்குகிறது? விடையை 1859இல் டார்வின் தந்தார்: ஒரே முன்னோரிடமிருந்து கிளைத்தமையால். கிளைக்குள் கிளையாய் வளர்ந்த மரத்தையே லின்னேயஸ் பெட்டிக்குள் பெட்டியாய்க் கண்டிருந்தார். குடும்பப் பெயரை மரத்தினின்று பெற்றவர், உயிர்க்குடும்பம் முழுவதும் ஒரு மரமென்பதை அறியாமலே அதன் கிளைகளுக்குப் பெயரிட்டுச் சென்றார். உண்மையாய்ச் சூட்டிய பெயர், சூட்டியவர் அறிந்ததினும் மிகுதியாகச் சொல்லும்.