மீன்களின் மரணத்தை உலகறியச் செய்த றேச்சல் கார்சன்

1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்தவர் றேச்சல் கார்சன். கடல்வாழ் உயிரினங்களைக் கற்றுத் தேர்ந்த அவர், அரச மீன்வளத் திணைக்களத்திற் பணியாற்றினார். தந்தையும் தமக்கையும் மறைந்தபின் குடும்பத்தைத் தாங்கியது அவரது உழைப்பே.

நம்மவர் பலர் வாழும் கனடாவிலே, மிராமிச்சி ஆற்றங்கரைக் காடுகளில், 1954ஆம் ஆண்டு புழுக்களை ஒழிக்க விமானங்களிலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. ஆற்றின் சல்மன் குஞ்சுகள் பெருமளவில் மடிந்தன. அவற்றின் இரையான நீர்ப்பூச்சிகளும் அழிந்தன.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியிலோ நஞ்சு மறைந்திருந்து கொன்றது. சிறு பூச்சிகளை ஒழிக்கக் கலந்த டி.டி.டி. நீரில் ஐந்து கோடியில் ஒரு பங்கே. ஆயினும் நுண்ணுயிர்களிலும் மீன்களிலும் படிப்படியாகச் செறிந்து, மீனுண்ணும் முக்குளிப்பான்களின் கொழுப்பில் பத்து இலட்சத்திற்கு 1600 பங்காயிற்று. பறவைகள் மாண்டன. நீரை மட்டும் அளந்தால் ஆபத்துப் புலப்படாது என்பதை, 1962இல் வெளியான ‘மௌன வசந்தம்’ நூலில் கார்சன் விளக்கினார்.

இரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மார்பகப் புற்றுநோயை வெளியிற் சொல்லாது அவர் உறுதியுடன் நின்றார். 1963இல் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு பூச்சிகொல்லிகளின் ஆபத்தை ஏற்றது. 1964 ஏப்ரல் 14இல் கார்சன் மறைந்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.ரி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது.

அத்தடையைக் காண அவர் இருக்கவில்லை. எனினும், தெளிந்த நீரையும் ஐயத்துடன் ஆராய வேண்டுமென்று நாம் இன்று அறிந்திருப்பது அவரால் அன்றோ!