சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியர், கவிஞர், நடிகர், இசைப்புலமை மிக்கவர். சிறுவர்களைக் கொண்ட நாடக சபையை அமைத்து ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியமையால் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார். இவரது சமாதி புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் உள்ளது.

இளமை

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரன், பேச்சியம்மாள் இணையருக்குப் பிறந்தார். இராமாயணத்தில் தேர்ந்த புலவரான தந்தையே முதல் ஆசிரியர். பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். இளமையிலேயே வெண்பா, கலித்துறை, சந்தப் பாடல்கள் இயற்றும் ஆற்றல் பெற்றிருந்தார். சில காலம் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார்.

நடிகர்

1891ஆம் ஆண்டில், தம் 24ஆம் அகவையில் நாடகத் துறையில் நுழைந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் புகழ் பெற்றார். இவரது சனீசுவரன் வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்றதாகவும், அதனால் மனம் வருந்தி நடிப்பைக் கைவிட்டதாகவும் கூறப்படுகிறது. அதன்பின் துறவு வாழ்வை நாடித் தலங்கள் பலவற்றுக்கு யாத்திரை செய்தார்.

புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை இவரை ஆதரித்து மகனாகவே கொண்டார். அங்கு இசையிலும் தாளத்திலும் பெற்ற தேர்ச்சி, பின்னாளில் இவர் இயற்றிய நாடகப் பாடல்களுக்கு அடித்தளமாயிற்று.

நாடகங்கள்

அக்காலத்தில் நடிகர்கள் மேடையில் தம் விருப்பம்போல் உரையாடுவது வழக்கம். சுவாமிகள் பாடல்களையும் உரையாடல்களையும் வரையறுத்து எழுதி, நாடகத்திற்கு ஓர் ஒழுங்கைத் தந்தார். புராணக் கதைகளின் இடையே திருக்குறள், நாலடியார் போன்ற நூல்களின் கருத்துக்களைப் புகுத்தியமையால், எழுத்தறியாத மக்களும் அவற்றைக் கேட்டறிந்தனர். 68 நாடகங்கள் வரை இயற்றியதாகக் கூறுவர். அவற்றில் ஒரு பகுதியே இன்று கிடைக்கிறது. குறிப்பிடத்தக்கவை:

வள்ளி திருமணம்
பவளக்கொடி
கோவலன் சரித்திரம்
சத்தியவான் சாவித்திரி
சதி சுலோசனா
இலவகுசா
அபிமன்யு சுந்தரி

இவற்றுள் அபிமன்யு சுந்தரி, சிறுவர் சபைக்காக ஒரே இரவில் எழுதப்பட்டதாகக் கூறப்படுகிறது.

சிறுவர் நாடக சபை

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ். ஜி. கிட்டப்பா இவரிடம் பயின்றவர்களுள் ஒருவர். வயது வந்த நடிகர்களிடம் கட்டுப்பாடு குறைந்திருந்ததைக் கண்டு சிறுவர்களைப் பயிற்றுவிப்பதில் கருத்தைச் செலுத்தினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர்கள் இதில் சேர்ந்தனர்.

இத்தகைய சபைகள் குருகுலம் போன்றவை. பெற்றோரைப் பிரிந்த சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்று, உடன் தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் நடிப்பும் கற்றனர். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்றனர். கண்டிப்பு மிகுந்த வாழ்க்கை அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாடும் வாய்ப்பு குறைந்துவிடும். எனினும் வறிய குடும்பத்துச் சிறுவர்கள் பலருக்கு உணவும் கல்வியும் தொழிலும் ஒருங்கே தந்தவை இவை. எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன் உள்ளிட்ட திரைக்கலைஞர்கள் பிற்காலச் சிறுவர் நாடக சபைகளிலிருந்து வந்தவர்களே.

இறுதிக் காலம்

1921இல் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். கைகால்கள் செயலிழந்தன, பேசும் ஆற்றலும் போயிற்று. பாடலும் உரையாடலும் கற்பித்தவர் வாய் பேச இயலாத நிலையிலும், மாணவர்கள் அவர் எழுதியவற்றைத் தொடர்ந்து நடித்து வந்தனர். நவம்பர் 13, 1922 அன்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் காலமானார்.

நினைவுகள்

நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பம் சமாதியில் குருபூசை நடத்துகின்றனர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. மாணவர் டி. கே. சண்முகம் இவரைப் பற்றி ஒரு நூலை எழுதினார்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களின் சிற்றூர்களில் தெருக்கூத்து மரபு உண்டு. அபிமன்யு, அல்லி போன்ற பாரதக் கதைமாந்தர் கூத்துக்கும் சுவாமிகளின் நாடகங்களுக்கும் பொதுவானவர்கள். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வள்ளி திருமணம் இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடிக்கப்படுகிறது.