செனட்டர் நாரிஸ் காட்டிய வழி

சர்க்கார் மாறுந்தோறும் சட்டமும் மாறுவதென்பது எந்தத் தேசத்துக்கும் க்ஷேமம் தராது. நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றிய சட்டங்களில் இது விசேஷமாக உண்மை. ஓர் அணையைக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு சர்க்கார்கள் வந்து போகக்கூடும். அமெரிக்காவில் 2022ம் ஆண்டில், காற்றிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் சக்தி பெறுவதற்குச் சலுகைகள் அளித்த பெரிய சட்டமொன்று டெமாக்ரடிக் கட்சியாரின் வாக்குகளால் மட்டுமே நிறைவேறியது. 2025 ஜூலையில் ரிபப்ளிகன் கட்சியார் இயற்றிய சட்டம் அச்சலுகைகளிற் பலவற்றை வெட்டியெறிந்தது. சீதோஷ்ண நிலை கெட்டுவருவதைத் தடுக்கும் வேலை இவ்விதம் கட்சிகளின் கையில் பந்தாக உருள்வதைக் காணும்போது, அதே காங்கிரஸ் சபையில் நாற்பதாண்டு பணியாற்றிய ஜார்ஜ் வில்லியம் நாரிஸின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் அறியவேண்டிய சரித்திரம் அது.

நாரிஸ் 1861ம் ஆண்டு ஜூலை 11ந் தேதி ஒஹையோ ராஜ்யத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்தார். அதே 1864ல் அவருடைய தமையனாரும் உள்நாட்டு யுத்தத்தில் மாண்டார். தாயார் பண்ணை வேலை செய்து குழந்தைகளை வளர்த்தார். நாரிஸ் சட்டம் பயின்று, 1885ல் மேற்கேயுள்ள நெப்ராஸ்கா ராஜ்யத்திற் குடியேறி, வக்கீல் தொழில் நடத்தினார். பின்னர் ஜில்லா நீதிபதியானார். 1903ல் ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் பிரதிநிதி சபையில் அமர்ந்தார்.

அக்காலத்தில் அச்சபையின் சபாநாயகர் ஜோஸப் கானன் என்பவர். எந்த மசோதா விவாதத்துக்கு வரலாம், எது வரக்கூடாது என்பதை நிர்ணயிக்கும் விதிக் கமிட்டியைத் தாமே நியமித்து, அதற்குத் தாமே தலைமையும் வகித்துவந்தார். அவர் நாரிஸின் சொந்தக் கட்சித் தலைவர். 1910 மார்ச்சில் நாரிஸ் ஒரு தீர்மானங் கொணர்ந்தார். சபாநாயகருக்கு அக்கமிட்டியில் இடமில்லை. அங்கத்தினரைச் சபையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். டெமாக்ரடிக் கட்சியாரும் ரிபப்ளிகன் கட்சியிலிருந்த சுயேச்சை மனப்பான்மையுடையோரும் ஒன்றுகூடி அதை நிறைவேற்றினர். மாற்றுக் கட்சியாருடன் சேர்ந்து வேலை செய்யும் வித்தையை நாரிஸ் கற்றது அப்பொழுதுதான். 1913ல் அவர் செனட் சபைக்குச் சென்றார்.

மஸில் ஷோல்ஸ் விவகாரம் அங்கே அவர் கைக்கு வந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் உப்புக்கு அமெரிக்கா தென்னமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தை நம்பியிருந்தது. யுத்த காலத்தில் கடல்வழி அடைபட்டால் கதியென்ன என்றஞ்சி, அதை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய 1916ல் சட்டம் இயற்றினார்கள். அலபாமா ராஜ்யத்தில் டென்னெஸி நதி பாறைகளிடையே சீறிப் பாயும் மஸில் ஷோல்ஸில் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு மின்சாரம் தர ஒரு பேரணையும் எழுந்தன. அவை பயன்படுமுன்பே யுத்தம் முடிந்துவிட்டது.

மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு 1921ல் அவற்றைக் கேட்டார். தொழிற்சாலைகளுக்கு 50 லட்சம் டாலர் விலை. அணைக்கு நூறாண்டுக் குத்தகை. சர்க்கார் செலவிட்டதோ அவ்விலையைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். ஆயினும் போர்டின் பெயரில் தேசமே மயங்கியிருந்தது. பிரதிநிதி சபை 1924ல் இசைந்தும்விட்டது. செனட் சபையின் விவசாயக் கமிட்டிக்குத் தலைவராயிருந்த நாரிஸ் மட்டும் இசையவில்லை. நதி பொதுஜனங்களின் சொத்து, அது தரும் சக்தியும் அவர்களுடையதே என்பது அவர் கொள்கை. அந்த நதிக்கும் அவரைத் தேர்ந்தெடுத்த நெப்ராஸ்காவுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அவ்வாண்டு இறுதிக்குள் போர்டு தம் கோரிக்கையைக் கைவிட்டார்.

மறுப்பதோடு நாரிஸ் நிற்கவில்லை. சர்க்காரே மின்சாரம் உற்பத்தி செய்து விற்கவேண்டுமென மசோதாக்கள் வரைந்தார். 1928ல் இரு சபைகளும் ஒன்றை அங்கீகரித்தன. ஜனாதிபதி கூலிட்ஜ் கையொப்பமிடாமலே அதை மடியவிட்டார். 1931ல் மீண்டும் நிறைவேறியது. ஜனாதிபதி ஹூவர் தம் ரத்ததிகாரத்தைப் பிரயோகித்தார். இருவரும் நாரிஸின் கட்சியினரே. அணை அமைந்த அலபாமாவைச் சேர்ந்த டெமாக்ரடிக் செனட்டர் அண்டர்வுட்டோ அதைத் தனியாருக்குக் குத்தகை விடவே முயன்றவர். ஆகவே இவ்விஷயத்தில் கட்சிப் பெயரைக்கொண்டு நண்பர் இன்னார், விரோதி இன்னார் என்று பிரிக்க இயலவில்லை. நாரிஸ் ஒவ்வோர் அங்கத்தினராகத் தேடித் தம் பக்கம் சேர்த்தார்.

1932 தேர்தலில் அவர் கட்சி கடந்து ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். பதவியேற்குமுன்பே ரூஸ்வெல்ட் அவரை உடனழைத்துக்கொண்டு மஸில் ஷோல்ஸைப் பார்வையிட்டார். 1933 மே 18ந் தேதி டென்னெஸி பள்ளத்தாக்கு அதிகார சபைச் சட்டம் கையொப்பமாயிற்று. ஏழு ராஜ்யங்களின் பகுதிகளில் வெள்ளத்தைத் தடுத்தல், படகுப் போக்குவரத்து, மின்சாரம், உரம், காடு வளர்த்தல் ஆகிய யாவும் ஒரே ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்தன. அது கட்டிய முதல் அணைக்கு நாரிஸின் பெயரையே வைத்தார்கள். 1936ல் அது பூர்த்தியாயிற்று. அவ்வாண்டே, டெக்ஸாஸ் டெமாக்ரட்டான சாம் ரேபர்னுடன் சேர்ந்து, கிராம மின்சாரச் சட்டத்தை நிறைவேற்றினார். அச்சமயம் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கே மின்விளக்கு இருந்தது. இருபதாண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வந்துவிட்டது.

1936ல் சுயேச்சையாக நின்று வென்ற நாரிஸ், 1942ல் தோல்வியுற்று, 1944 செப்டம்பர் 2ந் தேதி தம் ஊராகிய மக்குக்கில் காலமானார். நம் தேசத்தில் 1948ல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பொரேஷனுக்கு டென்னெஸி ஸ்தாபனமே முன்மாதிரி.

இவ்வளவையும் கூறிவிட்டுக் குறைகளை மறைப்பது பத்திரிகை தர்மமாகாது. அணைகளின் பொருட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் நிலத்தை விட்டு வெளியேறின. நாரிஸின் பெயர் தாங்கிய புதிய நகரில் நீக்ரோவர் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு ஜனங்களுக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள். நீர்ச்சக்திக்கெனப் பிறந்த ஸ்தாபனம், மின்சாரத் தேவை பெருகவே நிலக்கரிக்குத் திரும்பிற்று. 2008 டிசம்பரில் அதன் கிங்ஸ்டன் நிலையத்தில் கரிச்சாம்பல் தேக்கத்தின் கரை உடைந்து, சுற்றுப்புறத்தையும் ஆற்றையும் பாழாக்கியது. பொதுச் சொத்தாயிருப்பதொன்றே காற்றையும் நீரையும் காக்கப் போதாது. அதை நடத்துவோரைச் சட்டமும் பொதுஜன அபிப்பிராயமும் இடைவிடாது கண்காணிக்க வேண்டும்.

ஆயினும், அச்சட்டம் கையொப்பமான பின்னர் இரு கட்சிகளின் ஜனாதிபதிகளும் மாறி மாறி வந்தனர். அந்த ஸ்தாபனம் இன்றும் நிற்கிறது. அதை நிலைநிறுத்தியது பன்னிரண்டாண்டு விடாமுயற்சியும், இரு தரப்பிலும் திரட்டிய ஆதரவுமேயாகும். புகையும் வெள்ளமும் கட்சி பார்த்து வருவதில்லை. சட்டசபைகளில் எண்ணிக்கை பலத்தால் ஒரே நாளில் மசோதாவை நிறைவேற்றிவிட்டு வெற்றிமுழக்கம் செய்வோர், அச்சட்டம் அடுத்த தேர்தலுக்குப் பின்னும் உயிரோடிருக்குமா என்று ஒரு முறையேனும் யோசிக்கவேண்டும். எதிர்க்கட்சியிலிருந்து சில நல்லோரையேனும் இசையச் செய்யும் வரை பொறுத்திருப்பது கோழைத்தனமல்ல என்பதே நம் அபிப்பிராயம்.