தகப்பனை இழந்த எட்டயபுரத்துப் பிள்ளை

நம் பிள்ளைகளில் பலர் பீட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்த் தமிழ் படித்து வருகிறார்கள். கடையநல்லூர் அன்பர்கள் 1946-ல் இவ்வூரில் ஆரம்பித்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-ல் மூடப்பட்டுவிட்ட போதிலும் அந்தப் பெயர் இன்றளவும் நம்மிடையே நிலைத்திருக்கிறது. சீறாப்புராணம் பாடிய அந்தப் புலவர் பெருமகனார் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். அதே எட்டயபுரத்தில்தான், வெகுகாலத்துக்குப் பின், 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார்.

பாரதியாரைத் தேசபக்தர் என்றும் மகாகவி என்றும் புகழாத மேடை கிடையாது. அந்தப் புகழை மீண்டும் அளந்து போடுவது நம் நோக்கமன்று. தாயையும் தகப்பனையும் இளமையிலேயே பறிகொடுத்த ஒரு பிள்ளை எந்த வாசலில் போய் நின்றது, யார் அதற்கு நிழல் கொடுத்தார்கள் என்பதே நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம். சிராங்கூன் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கடை வைத்திருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. ஊரில் வாப்பா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், கல்லாவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிடும் பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பாரதியாரின் தகப்பனார் சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் செல்வாக்கோடு இருந்தவர். கணிதமும் இயந்திர நுட்பமும் அறிந்தவர். தாயார் லட்சுமி அம்மாள் 1887-ல் காலமானார்கள். பிள்ளைக்கு அப்போது வயது ஐந்து. தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை வள்ளியம்மாள் மூத்தாள் பிள்ளை என்று வேற்றுமை பாராட்டாமல் அன்பாகவே வளர்த்தார்கள். ஆனால் தகப்பனார் கண்டிப்பான மனிதர். பையன் இங்கிலீஷும் கணக்கும் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ கணக்கு வேப்பங்காய், பாட்டு கரும்பு. பதினொரு வயதில் புலவர் சபையில் பாடிப் பாரதி என்ற பட்டம் வாங்கிவிட்டான். அவனோடு சேர்ந்து திரிந்த எட்டயபுரத்துத் தோழர் ஒருவரும் அந்தப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் நாவலர் என்று தமிழ்நாடு கொண்டாடிய சோமசுந்தர பாரதியார்தான் அவர்.

சின்னசாமி ஐயர் செய்த தொழிலைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். எட்டயபுரம் கரிசல் பூமி, பருத்தி விளையும் சீமை. அங்கேயே பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றை நிறுவினால் ஊரும் பிழைக்கும், தாமும் தழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பானதன்று. ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் போட்டிக்கு முன்னால் தனி மனிதருடைய ஆலை நிற்க முடியவில்லை. போட்ட பணம் போயிற்று. பணத்தோடு மரியாதையும் போயிற்று. ஒரு வியாபாரி நொடித்துப் போனால் நேற்று வரை வாசலில் காத்திருந்தவர்கள் இன்று எதிர்ச் சாரியில் ஒதுங்கிப் போவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. மனம் உடைந்த ஐயர் 1898-ல் கண்ணை மூடினார்.

மகனுக்கு அப்போது பதினாறாவது வயது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின ஆண்டு 1897-ல்தான் அக்காலத்து வழக்கப்படி கடையத்துச் செல்லம்மாளை அவருக்கு மணம் முடித்திருந்தார்கள். பெண்ணுக்கு ஏழு வயது. படிப்பும் முடியவில்லை, சம்பாத்தியமும் இல்லை. சிற்றன்னைக்கோ சிறு பிள்ளைகளை வைத்துக் காப்பாற்ற வேண்டிய பாரம். தகப்பனார் பட்ட துன்பத்தைக் கண்ணால் கண்ட பையனுக்கு, அவர் ஆசைப்பட்டபடி தான் படித்துக் காட்டவில்லையே என்ற குறையும் மனத்தில் இருந்திருக்கும் என்றே நாம் நினைக்கிறோம். பிற்காலத்தில் தம் வாழ்க்கையைத் தாமே பாட்டில் எழுதியபோது தகப்பனாரின் வறுமையையும் மரணத்தையும் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த வேளையில் கை நீட்டியவர்கள் தகப்பனாரின் உடன்பிறந்தவர் குப்பம்மாள். அத்தையும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் காசியில் கங்கைக் கரையோரம் அனுமான் கட்டத்தில் வசித்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் யாத்திரிகர்களுக்கு அவர்கள் இடம் கொடுத்து உபசரித்து வந்த காலம் அது. தகப்பனில்லாத மருமகனை அத்தை தம்மிடம் அழைத்துக்கொண்டார்கள். தெற்கே கரிசல் காட்டில் பிறந்த பையன், பாஷை புரியாத வடக்கே போய்ச் சேர்ந்தான்.

காசியில் அவருக்குச் சோறும் படிப்பும் கிடைத்தன. ஹிந்தியும் சமஸ்கிருதமும் கற்றார். அலகாபாத் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையிலும் தேறினார். ஆனால் அந்த வீட்டில் சண்டையும் இருந்தது. பையன் குடுமியை எடுத்துவிட்டு மீசை வளர்த்துத் தலைப்பாகை கட்டத் தொடங்கினான். கிருஷ்ண சிவன் ஆசாரம் மிகுந்தவர். அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் தம்மோடு உட்காரக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார். அத்தை மட்டும் வேளை தவறாமல் தனியே கூப்பிட்டுச் சோறு போட்டு வந்தார்கள்.

பிறகு நடந்ததை அவர்கள் குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். மார்கழித் திருவாதிரையன்று பூஜையில் பாட வேண்டிய ஓதுவார் வரவில்லை. வந்திருந்தவர்கள் காத்திருக்கிறார்கள். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை மெல்ல உள்ளே போய் மருமகனை அழைத்துவந்து நிறுத்திப் பாடச் சொன்னார்கள். மீசையும் தலைப்பாகையுமாக நின்ற பையன் திருவெம்பாவையை மனமுருகிப் பாடினான். கிருஷ்ண சிவன் கண் கலங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். அன்றோடு பந்திச் சண்டை தீர்ந்தது.

இந்த நிகழ்ச்சியை நாம் விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. யத்தீம் பிள்ளைக்கு இடம் கொடுப்பவர்கள் பலரும், பாவம் என்று பார்ப்பார்களே ஒழிய, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபிக்கும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டவர் கிருஷ்ண சிவன். கோபத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று தட்டில் சோறு வைத்தவர் அத்தை. இரண்டும் சேர்ந்து இருந்ததால்தான் அது சத்திரமாக இல்லாமல் வீடாக இருந்தது.

கப்பல் காலத்தில் நம் முன்னோர் பட்ட பாடு இதைவிடக் கடினமானது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் நாள் கணக்காகக் கடலில் கிடந்து இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு, ஊரிலிருந்து தந்தி வரும்போது தகப்பனாரை அடக்கம் செய்து முடித்திருப்பார்கள். இன்று திருச்சிக்கு நாலு மணி நேரத்தில் விமானம் போகிறது. ஆயினும் மையத்தைக் காக்க வைப்பது நம் வழக்கமன்று. ஆகையால் இன்றும் பலருக்கு முகம் பார்க்கக் கொடுத்து வைப்பதில்லை. அன்றிரவு கடை மாடியில் கூடி யாசீன் ஓதி, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்ட தோழர்கள்தாம் அந்தப் பையன்களுக்கு உறவினர். மறுநாளே வேலைக்கு இறங்கச் சொன்ன முதலாளிகளும் உண்டு. நாலு நாள் கேட்காமல் விட்ட முதலாளிகளும் உண்டு. யாரை அந்தப் பையன் கடைசிவரை நினைத்திருப்பான் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

பாரதியார் காசியிலிருந்து ஊர் திரும்பி, 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்து, அதே ஆண்டில் சென்னை சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1906-ல் அங்கே அவரைத் தேடி வந்தவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை. பேசத் தொடங்கியதும் ஊர் வந்தது, பேர் வந்தது. சிதம்பரம் பிள்ளையின் தகப்பனார் உலகநாத பிள்ளையும் சின்னசாமி ஐயரும் சிநேகிதர்கள் என்பது தெரியவந்தது. வாப்பாவை அறிந்த ஒருவரை அந்நிய ஊரில் சந்திக்கும்போது நெஞ்சில் உண்டாகும் இதம் எப்படிப்பட்டதென்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். அன்று முதல் இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். அதே 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். அதில் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பதை நம் சமூகத்தார் மறக்கலாகாது. வெள்ளைக்காரப் போட்டியால் ஆலையை இழந்தவரின் மகன், அதே போட்டியை எதிர்த்து ஓடிய கப்பலுக்காகப் பேனா பிடித்தார் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

1908-ல் சர்க்கார் பிடிக்க வந்ததால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே வாசம். வருமானம் அற்ப சொற்பம், வாசலில் எந்நேரமும் ஒற்றர்கள். குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர் பெற்ற வியாபாரி. அவர் வாடகை கேட்கத்தான் வருவார். வந்த இடத்தில் பாரதியார் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருந்தால் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார். அவர் பேரேட்டில் அந்தப் பாக்கி எப்படி எழுதப்பட்டதோ! முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற இளைஞர் இருந்தார். பாரதியார் வேடிக்கையாக அவருக்கு வெல்லச்சு என்று பெயர் வைத்தார். அவருடைய தோப்புத்தான் பாட்டெழுதப் போகும் இடம். மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் வீடு இன்னொரு வீடு போல. வ. வெ. சு. ஐயரும் அரவிந்தரும் 1910-ல் வந்து சேர்ந்தார்கள். சுப்புரத்தினம் என்ற வாத்தியார் வந்து ஒட்டிக்கொண்டார். அவரே பிற்பாடு பாரதிதாசன்.

செல்லம்மாள் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிக்கு இறைத்த மனிதரை வைத்துக் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று கணக்குப் பார்க்கும் நமக்கு நன்றாகவே விளங்கும். புகழும்போது அந்த அம்மையாரையும் சேர்த்தே புகழ வேண்டும்.

1917-ல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த கண்ணன் பாட்டில், பாரதியார் தம் தெய்வத்தைப் பல உறவாக வைத்துப் பாடியிருக்கிறார். அது அவருடைய வழிபாட்டு முறை, அதை ஆராய நாம் புகவில்லை. நம் கண்ணில் பட்டது அந்த வரிசை. முதலில் தோழன், இரண்டாவது தாய், மூன்றாவது தந்தை. ஐந்து வயதில் தாயையும் பதினாறில் தகப்பனையும் இழந்தவர், தோழனை முன்னால் வைத்தார்.

1918-ல் புதுச்சேரியை விட்டு வந்து, சில நாள் சிறையிலிருந்து விடுதலையானபின், மனைவியின் ஊராகிய கடையத்தில் இரண்டு ஆண்டு இருந்தார். அப்போதுதான் 1920-ல் பக்கத்திலுள்ள பொட்டல்புதூருக்கு வந்து நம்மவர் கூட்டத்தில் இஸ்லாத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடியும் சென்னைக்குப் போனவரை 1921-ல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிவிட்டது. கீழே கிடந்தவரை, யானையின் காலடிக்குள் பாய்ந்து தூக்கி வந்தவர் புதுச்சேரித் தோழர் குவளைக் கண்ணன். அந்தக் காயம் ஆறியது. பிறகு வந்த வயிற்றுக் கடுப்பு ஆறவில்லை. செப்டம்பர் 11-ந் தேதி நள்ளிரவு கடந்தபின் உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. அந்த இரவு நெல்லையப்பரும் நீலகண்ட பிரம்மச்சாரியும் பக்கத்தில் இருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு பெண்மக்களும் இப்போது தகப்பனில்லாப் பிள்ளைகள். செல்லம்மாளின் உடன்பிறந்தவர் அப்பாதுரை முன்வந்து துணை நின்று, பாட்டுக்களை அச்சிட வழி செய்தார். அதற்குப்பின் பாரதி பிரசுராலயம் என்று ஏற்படுத்திப் பல ஆண்டுகள் அந்நூல்களை வெளியிட்டு வந்தவர்களில் ஒருவர் சி. விசுவநாதன். 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கும் வரை அந்த வேலை நடந்தது. விசுவநாதன் சிற்றன்னை வள்ளியம்மாளின் மகன். 1898-ல் எட்டயபுரத்து வீட்டில் அதே தகப்பனை இழந்தபோது அவர் சின்னஞ்சிறு குழந்தை.